படம் திக்குகிறது

மறுபடியும் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கை மஞ்சள் கயிற்றோடு பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகிறது, போகிறது, அப்படியே நிற்கிறது. அட்சதை ஆகாயத்தில் தொங்குகிறது. அப்புறம் திடீரென்று எல்லாரும் வேறெங்கோ இருக்கிறார்கள். முடிச்சு விழுந்துவிட்டது, அட்சதை தரைக்கு வந்துவிட்டது, பெண் தலையைக் குனிந்துவிட்டாள். நடுவில் இருந்ததை யார் தின்றது? கம்ப்யூட்டர்தான் தின்றிருக்க வேண்டும். வேறு யார். கம்ப்யூட்டர்தான். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்: பாரியூர்த் தாயே, இந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்கட்டும். ஊரில் எவளாவது இப்படி வேண்டுவாளா? ஸ்டுடியோவுக்கு இருக்கிறதே ஒரு கம்ப்யூட்டர், அது பாழாய்ப் போகட்டும் என்று அதன் முன்னாலேயே உட்கார்ந்து வேண்டுகிறேன். பெட்டி கெட்டால் பழுது பார்க்கலாம், முடியாவிட்டால் வேறு வாங்கலாம். படம் பிடித்த என் வீட்டுக்காரர் கை கெட்டுப்போயிருந்தால் எங்கே போவது. அவருக்கு வேறு வேலை தெரியாது. எனக்கு வேறு ஆள் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து அவர் பிடித்துக்கொண்டு வருவார், நான் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். இந்த கோபி டவுனில் பாதிப்பேர் கல்யாணம் எங்கள் இரண்டு பேர் கையையும் தாண்டித்தான் போயிருக்கிறது. அவர் கை ஆடுகிறதா இல்லையா என்பதை இந்தப் படம்தான் சொல்ல வேண்டும், இந்தப் படமோ திக்கித் திக்கி எதையும் சொல்லாமல் நிற்கிறது.

திக்குகிற படத்தில் கை ஆட்டம் தெரியாது, அதுதான் இம்சை. சாதாரணமாக என் கண்ணுக்கு அரை நிமிடம் போதும். கை ஆடினால் மண்டபத்துத் தூணும் தோரணமும் படத்தின் ஓரத்தில் நடுங்கும்; மெஷின் திக்கினால் மொத்தப் படமும் சிலையாகி நின்று பிறகு தாவும். இரண்டும் வேறு வேறு. ஆனால் இந்தத் தாவலும் அந்த நடுக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் யாரால் பிரிக்க முடியும்? தூண் நகர்ந்தது தாவலாலா நடுக்கத்தாலா? பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்கலாம். செய்ய மாட்டேனா என்ன, செய்தேன், நாலைந்து தட்டினேன். தூணில் கட்டியிருந்த செவ்வந்திச் சரம் ஓரத்துக்குக் கொஞ்சம் போனது, கொஞ்சம் வந்தது. அதில் என்ன இருக்கிறது, யாராவது முழங்கையால் இடித்திருப்பார்கள். தாலி கட்டும்போது வீடியோக்காரனை இடிக்காத சொந்தக்காரன் இந்தத் தாலுக்காவில் இன்னும் பிறக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் பூங்கொடி? விட்டுவிட்டேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பக்கம் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் இணையத்தைப் பார்த்தேன். கேமராப் படம் கம்ப்யூட்டரில் திக்குகிறதா, நண்பர்களே வணக்கம் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். வணக்கத்துக்கும் விஷயத்துக்கும் நடுவில் நான் ஒரு சட்டி சாம்பார் வைத்து இறக்கியிருக்கலாம். அவன் சொன்னதெல்லாம் செய்தேன். வெளியே தொங்குகிற ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட்டாதீர்கள், வயர் பழையதாக இருந்தால் இழுக்காது என்றான். படங்களை எல்லாம் உள்ளே இருக்கிற டிஸ்க்குக்கு மாற்றினேன். திக்கல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஐயோ என்றிருந்தது எனக்கு. குறைந்தால் சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? மறுபடியும் திக்கியது, மூச்சு வந்தது. தேவையில்லாமல் திறந்து வைத்திருப்பதையெல்லாம் மூடுங்கள் என்றான், மூடினேன். பெட்டி சூடாகிறதா பாருங்கள் என்றான், பக்கத்துத் தகடைக் கழற்றினேன், உள்ளே தூசி ஒரு போர்வைக்குக் காணும். கீழே உரக்கடை, மேலே நாங்கள். யூரியா மூட்டை இறக்கும்போதெல்லாம் அந்த நெடியும் தூசியும் படியேறி வந்து இந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கும் போலிருக்கிறது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, மேசை விசிறியை நேரே அதன் வயிற்றுக்குத் திருப்பி வைத்தேன். வைகாசி வெயிலில் எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, காற்று அதற்கு. குணமானால் குணமாகட்டும். குணமாகாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு எது வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை, விசிறியை மட்டும் நேராக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன் அடித்தது. "பூங்கொடியக்கா, சுகந்தி பேசறனுங்க, மாப்பிள்ளையோட அக்கா." தெரியும் தாயே, காலையிலிருந்து உன் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நாளைக்கு மஸ்கட்டுக்குக் கெளம்பறனுங்க. மத்தியானத்துக்கு மேல வந்து தாலி கட்டுறத மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன். மூணாவது முடிச்சு நான் போட்டது விழுந்திருக்குதுங்களா?" "விழாம எங்க போகுதுங்க அம்மிணி, நீங்க வாங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது வாய்க்கு. இன்னொரு கேமரா இருந்தது, மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் நின்றது. அதில் தாலி கட்டும் நேரத்தில் விழுந்திருப்பதெல்லாம் முதுகு. பட்டுச்சட்டை முதுகு, ஜாக்கெட் முதுகு, கையைத் தூக்கி போனில் படம் எடுக்கிற அக்குள். அதனால்தான் தாலி கட்டும் இடம் மட்டும் எப்போதும் அவர் கையில். மேடையில் ஸ்டாண்டு வைக்க இடம் இருக்காது. கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சைப் பிடித்து, கெட்டிமேளம் ஆரம்பித்து முடிகிறவரை சுவரில் ஆணி அடித்த மாதிரி வைத்திருப்பார். இறக்கின பிறகுதான் மூச்சு விடுவார். அந்த மூச்சு பெருமூச்சாகக் கேட்கும், பக்கத்தில் நின்றால். மூர்த்தியண்ணன் கை ஸ்டாண்டுங்க என்பார்கள் மண்டபத்துக்காரர்கள். ஈஸ்வரமூர்த்தி என்ற பெயரைவிட அந்தப் பேச்சில்தான் அவருக்குப் பெருமை. கை ஆடாமல் இருக்க ஒரு கருவி வந்திருக்கிறது, எல்லாரும் வைத்திருக்கிறார்கள், நாமும் வாங்கலாம் என்று நான் சொன்னபோது, "கை இருக்கறப்ப அதெதுக்கு" என்றார். கை இருக்கும்போது.

டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சூடு இதமா இருக்குதாம், வைகாசியில். வலது கை எப்போது பார்த்தாலும் பேன்ட் பாக்கெட்டில். முகச்சவரம் வீட்டில் செய்துகொள்கிறவர், இப்போது சலூனுக்குப் போகிறார், பேப்பர் படிக்கலாம் என்கிறார். இவர் என்றைக்குப் பேப்பர் படித்தார். போன வாரம் லென்ஸ் மூடியைப் போடும்போது பார்த்தேன். மூடி லென்ஸின் விளிம்பைத் தட்டியது, வழுக்கியது, மறுபடியும் தட்டியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் லென்ஸைத் துடைக்கத் துணி தேடுகிறவர் மாதிரி திரும்பிக்கொண்டார். நானும் பார்க்காதவள் மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒரே அறையில் இரண்டு பேரும் இரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வயசாகிறது, எல்லாருக்கும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஐம்பது கூட ஆகவில்லையே. தூக்கம் சரியில்லாமல் இருக்கும். காபியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். ஏன் கேட்கவில்லை நான்? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று பயம். இல்லை என்று சொல்லிவிட்டால் அதைவிடப் பயம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். "ஆடாம நில்லு சாமி. நேராப் பாரு. இன்னொண்ணுதான் கண்ணு, ஆடாம நில்லு." ஒரு சின்னப் பெண் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். யார் பிள்ளையாக இருந்தாலும் அவருக்குச் சாமிதான், கண்ணுதான். எவ்வளவு ஆடினாலும் சலிக்க மாட்டார். கெஞ்சிக் கெஞ்சியே நிறுத்திவிடுவார். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அப்பா போட்டோ எடுக்கிற மாதிரி கூப்பிடு என்பாள், சோறு ஊட்டக்கூட அந்தக் குரல்தான் வேண்டும். அங்கே கேமரா ஸ்டாண்டில் இருக்கிறது, தட்டினால் போதும். அதைக்கூட இடது கையால் தட்டுகிறாரோ? எட்டிப் பார்க்கலாம், இரண்டடி. பார்க்க மாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, ப்ளேயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வேறு ப்ளேயரில் போட்டேன், திக்கியது. எடிட்டிங்கிலேயே படத்தைப் பாதித் தெளிவில் ஓட்டினேன், கால்வாசித் தெளிவில் ஓட்டினேன், திக்கியது. கிராபிக்ஸ் கார்டுக்குப் புதிதாக ஏதோ இறக்கிப் போட்டு, பெட்டியை அணைத்துத் திறந்தேன், திக்கியது. சரி, ஸ்டாண்டில் வைத்து எடுத்ததைப் போட்டுப் பார்ப்போம் என்று முதல் நாள் சீர் எடுத்த படத்தைப் போட்டேன். மாமன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார், ஒரு காலை எடுத்து வைக்கிறார், வைத்த கால் வைத்தபடி நிற்கிறார், பிறகு மேடையில் இருக்கிறார். ஸ்டாண்டில் வைத்ததும் திக்குகிறது! எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. ஸ்டாண்டுக்கு ஏது கை, ஏது நடுக்கம். அப்படியானால் மெஷின்தான். நான் சொன்னேனே, மெஷின்தான் என்று. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மனசு அடுத்த கேள்வியை எடுத்து வைத்துவிட்டது: மெஷினும் என்றால்? மெஷின் திக்குகிறது என்பதால் கை ஆடவில்லை என்று ஆகிவிடுமா? சனியன் பிடித்த மனசு, ஒரு மடக்குத் தண்ணீரை நிம்மதியாக இறங்க விடாது.

போன முகூர்த்தம் வரை இதே பெட்டியில்தானே ஓடியது, வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது, இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் என்ன வந்தது என்று படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஃபோர் கே. நொடிக்கு ஐம்பது படம். இவ்வளவு நாள் எடுத்ததைப்போல நாலு மடங்கு பெரிய படம், அதிலும் இரண்டு மடங்கு நெருக்கமாக. இந்தக் கிழட்டுப் பெட்டி எப்படி இழுக்கும்? ஒற்றை மாட்டு வண்டியில் லாரிச் சுமையை ஏற்றினால் மாடு படுக்காமல் என்ன செய்யும். காரணம் கிடைத்துவிட்டது, பழுதே இல்லை, பாரம்தான். சிரிப்பு வந்தது எனக்கு. கேமராவில் இதை மாற்றினவர் அவர்தான், வேறு யாரும் தொட மாட்டார்கள். பழைய செட்டிங்கை மாற்றுவதென்றால் மல்லுக்கு நிற்கிற மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் மாற்றியிருக்கிறார். எதற்கு? கேட்டவர்கள் யாருமில்லை, சுகந்தி வீட்டில் சாதாரண படம்தான் கேட்டார்கள், நாங்கள் கொடுக்கப்போவதும் அதுதான். ஏதோ ஆசைப்பட்டிருப்பார். புதுசாக எதையாவது செய்து பார்ப்போம் என்று. மாசி மாதமா பங்குனியா, ஒரு நாள் இங்கே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏம்புள்ள, ஃபோர் கேல எடுத்தா ஓரத்த வெட்டிக்கலாமில்ல?" என்று கேட்டார். "வெட்டிக்கலாமுங்க, நெம்ப எடமிருக்கும். ஏனுங்க?" "சும்மா கேட்டேன்." சும்மா கேட்டார். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பரவாயில்லை மனுஷன் கற்றுக்கொள்கிறார் என்று. ஓரத்தை எதற்கு வெட்டுவார்கள்? நான் எதற்கு வெட்டுவேன்? போதும். அந்தப் பக்கம் போகாதே. பாரம்தான் காரணம், பாரத்துக்கு வழி இருக்கிறது.

வழி ப்ராக்ஸி. பெரிய படம் ஒவ்வொன்றுக்கும் அதே அசைவோடு ஒரு சின்ன நகல். வேலை பார்க்கிற வரைக்கும் பெரியதற்குப் பதில் சின்னது ஓடும், திக்காது. எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கச் சொன்னேன். எடுத்த வரிசைப்படிதான் போகும்: முதல் நாள் சீர், பெண் அழைப்பு, முகூர்த்தத்துக்கு அலங்காரம், கடைசியில்தான் தாலி. பச்சைக் கோடு ஊர்கிறது. சீர் முடிந்தது, ஓட்டினேன். மாமன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், வந்துகொண்டே இருந்தார், எங்கேயும் நிற்கவில்லை, நேராக மேடை ஏறினார். சரியாகிவிட்டது. கோளாறு தீர்ந்தது என்று எந்தப் பொம்பளையாவது பயப்படுவாளா, நான் பயந்தேன். இனிமேல் சாக்கு இல்லை. இனிமேல் படத்தில் ஆடுகிறது என்றால் ஆடுகிறது. பச்சைக் கோடு பெண் அழைப்பைத் தொட்டுவிட்டது. இந்த நேரத்தில் மின்சாரம் போனால் என்ன? தினம் போகிறதே, கீழே உரக்கடைக்காரர் ஈபிக்குப் போன் போட்டுத் திட்டுவாரே, இன்றைக்கு மட்டும் என்ன ஒழுங்கு வந்துவிட்டது ஈபிக்கு. நகல் எடுப்பதை நிறுத்திவிடலாம், ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். சுகந்தியிடம் கம்ப்யூட்டர் சரியில்லைங்க, பென்டிரைவில் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு? ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு மறுபடியும் கேமராவைத் தலைக்கு மேலே தூக்குவார். அப்புறம் அடுத்த முகூர்த்தம். நான் ஒவ்வொரு தடவையும் ஈபியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா.

"சாப்புடுலாம் வா" என்று தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நீங்க சாப்புடுங்க, இத முடிச்சிட்டு வந்தர்றனுங்க." "ஓட மாட்டேங்குதா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம். கவலையா அது? எனக்கென்னவோ அவரும் என்னைப்போலவே அது ஓடாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறார் போலத் தோன்றியது. "பாரம் சாஸ்தியா இருக்குதுங்க, நகல் எடுத்துட்டிருக்கறேன்" என்றேன். "ம்" என்றார். போகவில்லை. "ஃபோர் கேல எதுக்குங்க எடுத்தீங்க" என்று கேட்க வாயைத் திறந்தேன். "கொழம்புல உப்பு கம்மி, பாத்துப் போட்டுக்கங்க" என்று வந்தது. அவர் தலை தடுப்புக்குக் கீழே போய்விட்டது. சாப்பிடும்போதும் இப்போதெல்லாம் என்னோடு உட்கார்வதில்லை, நான் வருவதற்குள் முடித்து இலையைச் சுருட்டிவிடுகிறார். தினமும் எதற்கு இலை என்று கேட்டேன், தட்டுக் கழுவுகிற வேலை மிச்சம் என்றார். தட்டில் கை பட்டால் சத்தம் வரும், இலையில் வராது. இதை நான் இப்போதுதான் நினைக்கிறேனா, முன்னமே தெரியுமா?

பச்சைக் கோடு முடிந்துவிட்டது. தாலி கட்டும் படத்தின் மேல் சின்னதாக ஓர் அடையாளம் வந்து உட்கார்ந்திருக்கிறது, தயார் என்று. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். விசிறியை என் பக்கம் திருப்பினேன், மறுபடியும் பெட்டிக்குத் திருப்பினேன். ஓட்டினேன். மாப்பிள்ளையின் கை மஞ்சள் கயிற்றோடு போனது, நிற்காமல் போனது. அட்சதை விழுந்தது, மழையாக விழுந்தது. திக்கல் போய்விட்டது. தூண் ஆடியது. தோரணம் ஆடியது, பெண்ணின் நெற்றிச்சுட்டி ஆடியது, ஐயரின் உச்சந்தலை ஆடியது, எல்லாம் ஒரே அளவில், ஒரே சீரில், பொடிப் பொடியாக, விடாமல். இடித்தால் இப்படி ஆடாது. இடித்தால் ஒரு தரம் குலுங்கி நிற்கும். நெரிசலில் இப்படி ஆடாது. இது உள்ளே இருந்து வருகிற ஆட்டம். தெரிந்துவிட்டது. சரி. தெரிந்துவிட்டது. ஓரத்தை எதற்கு வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா, நடுங்குகிற படத்தை நிலைநிறுத்த வெட்டுவார்கள். கம்ப்யூட்டர் படத்தை ஆட்டத்துக்கு எதிராக நகர்த்தும், ஓரம் வீணாகும், வீணாக்க ஓரம் நிறைய வேண்டும். அதற்குத்தான் ஃபோர் கே. வேகத்தைக் குறைத்துக் காட்டினால் நடுக்கம் கண்ணுக்குப் படாது, அதற்குத்தான் ஐம்பது படம். புதுசாக எதையும் ஆசைப்படவில்லை அவர். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பின்னால் நின்று, என் வாயாலேயே வழியைக் கேட்டுக்கொண்டு, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய், தனியாக இத்தனை மாதம். காலையிலிருந்து இந்தப் பெட்டி திக்கிக் கிடந்ததே, அவர் கையை ஒளித்துவைத்த பாரத்தைத் தாங்க முடியாமல்தான். எனக்குக் கோபம் வந்தது. பயம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கோபம்தான் வந்தது. என்னிடம் சொன்னால் என்ன? நான் யாரோவா?

ஆத்திரத்தில்கூட வேலை நிற்காது போலிருக்கிறது கைக்கு, அதுபாட்டுக்கு அடுத்ததைச் செய்தது. ஓரத்தை வெட்டி நிலைநிறுத்தப் போட்டேன். தூண் நின்றது, தோரணம் நின்றது, யார் பார்த்தாலும் மூர்த்தியண்ணன் கை ஸ்டாண்டுதான் என்பார்கள். சுகந்தி வந்தால் காட்டலாம். ஒன்று பாக்கி. நகல் எடுத்தால் சில சமயம் சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் விலகிவிடும், சேர்ந்து வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தாலி கட்டும் இடத்தில் கேமராவின் சத்தத்தை நான் எப்போதும் கேட்கிறதே இல்லை. ஓட்டும்போதே அடைத்துவிடுவேன். தள்ளுமுள்ளும் இருமலும், மறைக்காதீங்க, தலையைக் குனிங்க என்ற கத்தலும்தான் அதில் இருக்கும். பதிலுக்கு என்னிடம் நல்ல கெட்டிமேளம் ஒன்று இருக்கிறது, என்றைக்கோ ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பதிந்தது. கோபியில் யார் வீட்டு வீடியோவைப் போட்டாலும் அதே மேளம்தான் கொட்டும், ஒருவரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. காலையிலிருந்து படம் எத்தனை தடவை நின்றாலும் சத்தம் உள்ளே நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான்தான் அடைத்து வைத்திருந்தேன். திறந்தேன்.

கூச்சல். மேளம். யாரோ ஒரு பெரியவர் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்துகிறார். படத்தில் பெண் குனிகிறாள். மேளம் உடைத்துக்கொண்டு எழுகிறது, சரியாகச் சேர்ந்துதான் வருகிறது, நிறுத்தப் போனேன். அப்போது அந்தக் குரல், மைக்குக்கு மிகவும் பக்கத்தில், வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி. "ஆடாம நில்லு சாமி." எந்தக் குழந்தையைச் சொல்கிறார்? மேடையில் குழந்தை ஒன்றுகூட இல்லை. "ஆடாம நில்லு. ஒண்ணாச்சு பாரு." மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். "ரெண்டாச்சு. இன்னொண்ணுதான் கண்ணு. இன்னொரு முடிச்சுதான், நில்லு சாமி, நில்லு. பேரக் கெடுத்தறாத." சுகந்தி மூன்றாவது முடிச்சைப் போடுகிறாள். பெருமூச்சு. கேமரா இறங்குகிறது. அவர் பேசினது அவர் கையோடு. அத்தனை பேர் நடுவில், அத்தனை மேளத்துக்கு அடியில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த பிள்ளையைக் கெஞ்சுகிற மாதிரி தன் கையைக் கெஞ்சியிருக்கிறார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதேன். மறுபடியும் ஓட்டிக் கேட்டேன், மறுபடியும் அழுதேன்.

டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். "ஓடுதா?" என்றார். "ஓடுதுங்க." திரையைப் பார்த்தார், தூண் ஆடாமல் நிற்பதைப் பார்த்தார், முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "அந்தச் சத்தத்த அடைச்சிட்டுப் பாரு. வெறும் கூச்சல்தான், ஒண்ணுமிருக்காது" என்றார். "கேட்டுட்டனுங்க" என்றேன். கீழே மூட்டை இறக்கினார்கள். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார்; எடுத்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். அது ஆடியது. படத்தில் எப்படி ஆடியதோ அதே அளவில், அதே சீரில். மறைக்காமல், நான் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டார். "நீ சொல்லிப் பாரு பூங்கொடி" என்றார். "நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்குது." படியில் செருப்புச் சத்தம். "அக்கா, நான் சுகந்தி வந்துட்டனுங்க" என்று குரல் மேலே வந்துகொண்டிருந்தது. என் இடது கையை அவர் கைமேல் வைத்தேன், எனக்கும் சேர்ந்து ஆடியது. வலது கையால் அந்தச் சத்தத்தை அடைத்தேன். இடது கையை எடுக்கவில்லை.